பூஜ்ய பில்லும் ஒரு பாக்கியும்

தில்லித் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தில்லித் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

விஜயதசமி முடிந்து கொலு பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிப் பரண்மேல் ஏற்றுவதற்குள் நம் பக்கத்துக் குழாய்கள் மெலியத் தொடங்கிவிடும். கிழக்குத் தில்லியில் குடியிருப்பவர்களுக்கு இது வருஷந்தவறாத சடங்கு. ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாயை மூடித் தூர் வாருகிறார்கள், தீபாவளிவாக்கில்தான் திறப்பார்கள் என்று பேப்பரில் நாலு வரி வரும். டேங்கர் எத்தனை மணிக்கு என்று வாட்ஸ்அப்பில் விசாரித்துக்கொண்டு, பக்கெட்டும் குடமுமாகப் படியிறங்கி, வரிசையில் நின்று, அரசாங்கத்தைத் திட்டிவிட்டு மேலே ஏறுவோம்.

அந்த வரிசையில் நானும் பல வருஷம் நின்றிருக்கிறேன். ஹரித்வாரில் மதகை இறக்கினால் இருநூறு கிலோமீட்டர் தள்ளி மயூர் விஹாரில் என் வீட்டுக் குழாய் ஏன் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இத்தனைக்கும் நான் மத்திய அரசில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வவுச்சரைப் பார்த்தாலும் 'இது எந்தத் தலைப்பிலிருந்து வந்தது?' என்று கேட்டே பழகியவன். வீட்டுத் தண்ணீருக்கு மட்டும் அந்தக் கேள்வி எழவில்லை. காரணம், பில் பூஜ்யம். மாதம் இருபதாயிரம் லிட்டருக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு 2015 முதல் தில்லியில் தண்ணீர்க் கட்டணம் கிடையாது. கட்ட வேண்டிய தொகை '0' என்று அச்சிட்டு வரும் தாளை யார் தணிக்கை செய்வார்கள்?

ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். போய்ச் சேர்ந்த இடம் ஓர் அணை. அங்கே பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் வரும் வழியைத் தலைகீழாகச் சொல்கிறேன். கிழக்குத் தில்லிக்கும் தென் தில்லியின் பல பகுதிகளுக்கும் தண்ணீர் தருவது சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையம். அங்கே தண்ணீர் உத்தரப் பிரதேசத்து முராத்நகரிலிருந்து ராட்சதக் குழாயில் வருகிறது. முராத்நகர் வரை அதைக் கொண்டுவருவது, 1854-இல் கம்பெனி ஆட்சியில் திறந்த கங்கைக் கால்வாய். கால்வாயின் தலை ஹரித்வாரில். அதற்கு மேலே ரிஷிகேஷ். அதற்கும் மேலே தேவப்பிரயாகை. அலக்நந்தாவும் பாகீரதியும் அங்கே கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். பாகீரதியைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனால், பிலங்கனா என்ற ஆறு அதோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது டெஹ்ரி அணை. தில்லிக் குடிநீருக்கென்று அதில் ஒதுக்கியிருப்பது 300 கன அடி. நொடிக்குச் சுமார் 8,500 லிட்டர். ஒரு குடம் பன்னிரண்டு லிட்டர் என்று வைத்தால், கண் இமைக்கிற நேரத்தில் ஏறக்குறைய எழுநூறு குடம்.

தேவப்பிரயாகை நம்மவர்களுக்குப் புதிய ஊர் இல்லை. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் 'திருக்கண்டமென்னும் கடிநகர்' என்பது அதுதான். பெரியாழ்வார் பாடிய தலம். பத்ரிநாத் போகும் நம் யாத்திரைக் கோஷ்டிகள் அங்கே வேனை நிறுத்தி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சங்கமத்தில் ஒரு முங்கு முங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். அடுத்த முறை போகும்போது, முங்குவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். மழைக்காலத்தில் அலக்நந்தா சேறு கரைத்த நிறத்தில் வரும். பாகீரதி பெரும்பாலும் பச்சையாக, தெளிவாக வரும். இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் ஒட்டாமல் ஓடுவதை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அந்தத் தெளிவு பாகீரதியின் புனிதத்தால் வந்தது என்று எங்களோடு வந்த கைடு சொன்னார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, அது அணையின் வேலை. இமயத்திலிருந்து வாரிக்கொண்டு வந்த மண்ணையெல்லாம் டெஹ்ரி ஏரியில் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வருகிற ஆறு அது.

அணை என்றதும் மேட்டூர் மாதிரி கல்லும் காரையுமாக எழும்பிய சுவரை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். டெஹ்ரியில் நிற்பது மண்ணும் கல்லும் குவித்து இறுக்கிய ஒரு குன்று. உயரம் 260.5 மீட்டர், இந்தியாவில் இதைவிட உயரமான அணை இல்லை. நம் குதுப் மினாரை மூன்றரை தடவை அடுக்கினாலும் அணையின் தலை கொஞ்சம் மேலே எட்டிப் பார்க்கும். உச்சியில் நீளம் 575 மீட்டர். அடியில், ஆறு ஓடும் திசையில் அளந்தால், அதன் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். நட்ட நடுவில் இறுக்கிய களிமண். அதன் இருபுறமும் மணல் அடுக்கு. அதற்கு வெளியே சரளையும் கல்லும். அலை மோதும் பக்கம் பெரும் பாறைக் கற்கள்.

நடுவில் எதற்கு மணல்? மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் களிமண்ணைக் கரைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டால் அணை உள்ளுக்குள்ளேயே குடைபட்டுவிடும். ஆகவே தண்ணீர் வெளியேற வேண்டும், மண் அங்கேயே நிற்க வேண்டும். நம் வீட்டுக் காபி பில்டரில் டிகாக்‌ஷன் இறங்குகிறது, தூள் இறங்குவதில்லை அல்லவா? அதே சங்கதிதான். நிலநடுக்கம் வரும் பூமியில் மண்ணைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: குலுங்கினால் கான்கிரீட் விரிசல் விடும், மண்குவியல் கொஞ்சம் அமுங்கி இடம்கொடுக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

இப்போது அந்த ஏரிக்கு அடியில் இருக்கும் ஊருக்கு வருகிறேன்.

கூர்க்கர்களோடு நடந்த போருக்குப் பிறகு, பழைய தலைநகர் ஆங்கிலேயர் வசம் போனதால், கர்வால் ராஜா சுதர்சன் ஷா 1815-இல் அமைத்த தலைநகரம் டெஹ்ரி. இரண்டு ஆறுகள் கூடும் முனை; அதைச் சுற்றி அரண்மனை, கடைவீதி, கோயில்கள். விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காக 1897-இல் எழுப்பிய மணிக்கூண்டு. மன்னராட்சியை எதிர்த்த ஸ்ரீதேவ் சுமன் என்ற இளைஞர் 84 நாள் உண்ணாவிரதம் இருந்து 1944 ஜூலை 25-இல் உயிர்விட்ட சிறை. நம் பாட்டிமார் மூக்கில் நத்து போட்டார்களே, அதே பெயரில் 'நத்' என்று கர்வாலிப் பெண்கள் கல்யாணத்துக்கு அணியும் பெரிய தங்க வளையத்துக்கும் டெஹ்ரிதான் பேர்போனது.

அணைக்குத் திட்டக் குழு 1972-இல் ஒப்புதல் தந்தது. 1978-இல் வேலை தொடங்கியது. அதே ஆண்டு, வழக்கறிஞர் வீரேந்திர தத் சக்லானி தலைமையில் எதிர்ப்புக் குழுவும் பிறந்தது. பிறகு வந்து சேர்ந்தவர், மரங்களைக் காத்த சிப்கோ இயக்கத்தின் சுந்தர்லால் பகுகுணா. அந்த மண்ணிலேயே பிறந்தவர். அணை எழும்பும் இடத்துக்குப் பக்கத்தில் பாகீரதிக் கரையில் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 1991 அக்டோபர் 20-இல் அதே பாகீரதிப் பள்ளத்தாக்கில், மேலே உத்தரகாசியில், 6.8 அளவில் நிலம் குலுங்கி எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர் கேட்டுவந்த கேள்வி எல்லோர் காதிலும் விழுந்தது: இந்தப் பூமியிலா இவ்வளவு பெரிய ஏரி? 1995-இல் 45 நாள் பட்டினி கிடந்தார். பிரதமர் நரசிம்ம ராவ் வாக்குக் கொடுத்த பிறகு முடித்தார். 1996-இல் 74 நாள், நம் ராஜ்காட்டில். அந்த முறை வாக்குக் கொடுத்தவர் தேவ கவுடா. நான் அப்போது தில்லியில்தான் இருந்தேன். அலுவலக பஸ் ராஜ்காட்டைத் தாண்டித்தான் போகும். ஒருநாளும் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. இந்த மடலை எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு என்பதை இதிலிருந்து நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளலாம்.

ஊரை இழப்பவர்களின் மறுவாழ்வை ஆராய ஹனுமந்த ராவ் குழு அமைத்தார்கள். அதன் பரிந்துரைகளில் ஒரு பகுதியைத்தான் அரசு ஏற்றது. 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அணைக்கு வழிவிட்டது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் பாதுகாப்புச் சோதனைகள் பற்றி மாறுபட்டு எழுதினார். 2004 ஆகஸ்டில் சுரங்கப் பணியில் மண் சரிந்து 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2005-இல் ஊருக்குள் தண்ணீர் ஏறியது. அக்டோபர் கடைசியில், ஆற்றைத் திருப்பிவிட்ட சுரங்கங்களில் மிச்சமிருந்த வழியையும் மூடினார்கள். மணிக்கூண்டு முங்கியது. 2006-இல் மின்சாரம் வந்தது.

இனி என் தொழில்படி வரவு செலவு.

வரவு: மலைக்குள் குடைந்த மின்நிலையத்தில் நான்கு இயந்திரங்கள், ஆயிரம் மெகாவாட். அதில் நம் தில்லிக்கும் பங்குண்டு. இரவில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்க இன்னொரு ஆயிரம் மெகாவாட் திட்டம். அதன் முதல் அலகு 2025-இல் ஓடத் தொடங்கியது. உத்தரப் பிரதேசத்துக் கரும்புக்கும் கோதுமைக்கும் பாசனம். நமக்கு 300 கன அடியும் உத்தரப் பிரதேச நகரங்களுக்கு 200 கன அடியும் குடிநீர். 2013 ஜூனில் கேதார்நாத்தை அழித்த மழையின்போது, பாகீரதியில் வந்த வெள்ளத்தை இந்த ஏரி வாங்கி வைத்துக்கொண்டது. அலக்நந்தா வெள்ளமே ரிஷிகேஷ் படித்துறைச் சிவன் சிலையை அடித்துக்கொண்டு போனது. பாகீரதியும் சேர்ந்து வந்திருந்தால் ஹரித்வார் என்ன ஆகியிருக்கும் என்று அணைக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதை மறைத்தால் என் கணக்கு பொய்க்கணக்கு.

செலவு: ஒரு நகரம். 125 கிராமங்கள், 37 முழுதாக, 88 பகுதியாக. அரசின் கணக்கிலேயே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். சிலர் மலைமேல் கட்டிய புதிய டெஹ்ரிக்கு. மற்றவர்கள் டேராடூன், ரிஷிகேஷ், ஹரித்வார்ப் பக்கம் சமவெளிக்கு. படிக்கட்டு வயலில் நெல்லும் குதிரைவாலியும் போட்டவர்கள் அங்கே வேறு மண்ணில், வேறு வெயிலில், முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இன்னும் முடியவில்லை. ஏரி பாகீரதியில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பின்னோக்கி நீண்டு நிற்கிறது. அதனால் அக்கரையில் பிரதாப்நகர் பகுதி துண்டுபட்டுப் போனது. முன்பு பாலம் தாண்டினால் டவுன். பிறகு ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் மலையைச் சுற்ற வேண்டும். அவர்களுக்காக டோப்ரா–சாண்டி பாலத்தை 2006-இல் தொடங்கினார்கள். 725 மீட்டர்ப் பாலம். திறந்தது 2020 நவம்பரில். அணையில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய வருஷத்திலிருந்து எண்ணினால் பதினான்கு வருஷம். நம் தண்ணீருக்கு அவ்வளவு காத்திருக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் மட்டம் வருஷத்தில் 830 மீட்டருக்கும் 740 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்கலாம். தொண்ணூறு மீட்டர், முப்பது மாடி. மழையில் ஏறும்போது கரைச் சரிவு ஊறும். கோடையில் நமக்காகவும் வயலுக்காகவும் இறக்கும்போது, ஊறிய மண்ணுக்கு முட்டுக் கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் சரியும். முங்காமல் தப்பிய மேட்டுக் கிராமங்களில் சுவர்கள் விரிசல் விடுவது இப்படித்தான்.

இன்னொரு வரியும் இருக்கிறது. அணையின் கம்பெனியில் முக்கால் பங்கு மத்திய அரசு நிறுவனமான என்.டி.பி.சி.யிடம், கால் பங்கு உத்தரப் பிரதேசத்திடம். அணை நிற்கும் உத்தராகண்டுக்கு 12 சதவீதம் இலவச மின்சாரம். கால் பங்கு யாருக்கு என்று இரண்டு மாநிலங்களுக்கும் இடையே வழக்கே நடந்திருக்கிறது.

இரண்டு வருஷம் முன்பு, பத்ரிநாத் போய்விட்டுத் திரும்பும் வழியில், கோஷ்டியிலிருந்து கழன்று புதிய டெஹ்ரிக்குப் போனேன். அங்கே மணிக்கூண்டு இருக்கிறது. பழையதைப் பார்த்துக் கட்டிய நகல். கீழே ஏரியில் மோட்டார் படகுகள் கோடு போட்டுக்கொண்டிருந்தன. டீக்கடைப் பெஞ்சில் ஒரு பெரியவர். தில்லியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடியே, படகு போகும் இடத்தைக் கையால் காட்டி, "அங்கேதான் பஸ் ஸ்டாண்டு, அதை ஒட்டி எங்கள் கடை" என்றார். வழிகேட்டவனுக்குச் சொல்வது போன்ற குரல். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னார். "அங்கே ஆறு வாசலில் இருந்தது. இங்கே ஆறு, கரண்ட் இருந்தால்தான் வரும்." புதிய டெஹ்ரிக்குக் குடிநீர் கீழேயிருந்து பம்ப் வைத்து ஏற்றித்தான் வர வேண்டும். டீக்குக் காசு கொடுக்கப் போனேன், வாங்க விடவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். தண்ணீர் விட்டவரை?

நான் அணையை இடிக்கச் சொல்லவில்லை. 'நஷ்டஈடு கொடுத்தாயிற்றே, நாம் என்ன செய்ய?' என்று கேட்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் நாலு வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, பத்ரி யாத்திரையில் ஒரு ராத்திரி புதிய டெஹ்ரியில் தங்குங்கள். ரிஷிகேஷிலிருந்து சம்பா வழியாக ஏறினால் போதும். உள்ளூர்க் கடையில் சாப்பிடுங்கள்; ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள்.

இரண்டாவது, தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளை ஆக்ராவுக்குக் கூட்டிப்போவதைப் போல ஒருமுறை டெஹ்ரிக்கும் கூட்டிப்போகச் சொல்லிக் கேளுங்கள். தாஜ் மஹாலைப் பார்க்காமல் வளர்ந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் குறைவில்லை. குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வளர்வது குறைதான்.

மூன்றாவது, ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் செடிக்கும் ஊற்றுங்கள். சொஸைட்டிக் கூட்டத்தில் மழைநீர்த் தொட்டியைத் தூர் வாரும் பேச்சை எடுங்கள். 740 மீட்டருக்கு இறங்கும் ஏரியில் இதெல்லாம் ஒரு சொட்டுதான். ஆனாலும் அந்தச் சொட்டு நம் கையில் இருக்கிறது.

நாலாவது, இது நமக்காகவும்கூட. மண் அணைக்குக் கசிவைத் தவிர இன்னொரு பெரிய பயம் உண்டு: தண்ணீர் அதன் தலைக்குமேல் போகக் கூடாது; போனால் அணையே கரைந்துபோகும். டெஹ்ரியில் நொடிக்கு 15,540 கனமீட்டர் வெள்ளத்தைக் கணக்கில் வைத்து உபரிநீர் போக்கிகளை அமைத்திருக்கிறார்கள். ஆனால் 2023 அக்டோபரில் சிக்கிமில் பனிஏரி உடைந்து வந்த வெள்ளம், சுங்தாங்கில் கற்குவியலாக நின்ற அணையை ஒரே ராத்திரியில் கொண்டுபோனதையும் பார்த்தோம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்துக்கால நடவடிக்கைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனையோ பேர் மத்திய அமைச்சகங்களிலும் நீர்த்துறையிலும் நாடாளுமன்றச் செயலகத்திலும் இருக்கிறீர்கள். கரைச்சரிவுக் கிராமங்களின் கோப்பும் பாதுகாப்புக் கோப்பும் உங்கள் மேஜைக்கு வந்தால், அன்றைக்கே அனுப்பி வையுங்கள்.

மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும். சேலத்துக்காரர்கள் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள். காவிரித் தண்ணீர் எந்த ஊரை மூடிவிட்டு வந்தது என்று அந்த நந்தி அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது. நம் சோனியா விஹார்க் குழாயில் அப்படி எதுவும் தலைநீட்டாது. நாமாகத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தண்ணீர் பில் வரும்போது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் 'டெஹ்ரி, பாக்கி உண்டு' என்று எழுதிவிட்டுக் கோப்பில் வையுங்கள். நான் போன பில்லிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களோடு டேங்கர் வரிசையில் நின்ற ஒருவன்,
மயூர் விஹார்